ஒப்பீட்டுப் பட்டியலில் இன்னொரு கலம்: மின்சிக்கனப் பொருள் வாங்க அரசு ஊழியர்களைப் பழக்குவது எப்படி

நான் 24 ஆண்டுகள் கொள்முதல் மேசையில் உட்கார்ந்திருந்தவள். நாற்காலி, பீரோ, மின்விசிறி, குழல்விளக்கு, ஏசி, குடிநீர் மோட்டார் என்று அலுவலகத்துக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் விலைப்புள்ளி கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் வேலை. கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற பிறகு, ஈரோடு, கோவைப் பக்கத்துப் பேரூராட்சி, ஒன்றிய அலுவலகங்களில் கொள்முதல் பார்க்கும் ஊழியர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்கிறேன். குறைவாக மின்சாரம் இழுக்கும் பொருளை, விதி மீறாமல், தணிக்கைக்குப் பதில் சொல்லக்கூடிய விதத்தில் வாங்குவது எப்படி என்பது மட்டும்தான் வகுப்பில் பாடம்.

இதே வகுப்பைத் தங்கள் மாவட்டத்தில் நடத்த விரும்புகிறவர்கள் என்னிடம் குறிப்பு கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தது கோப்பு. மின்சாரம் தெரிந்த ஒயர்மேன் அண்ணன் ஒருவர் என்னோடு வருகிறார். இரண்டு பேர் போதும்.

முதலில் கொள்முதல் ஊழியர்களுடைய பயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஏசி வாங்கும் கோப்பு ஒன்று வந்தது. பக்கத்து மேசை இளநிலை உதவியாளர்தான் அதைப் பார்த்தார். பொறுப்பான பையன். வந்த மூன்று விலைப்புள்ளிகளில் இரண்டாவது விலைக்காரர் கொடுத்தது ஐந்து நட்சத்திர ஏசி. மின்சாரம் மிச்சமாகும் என்று ஒரு வரி எழுதி அதை வாங்கப் பரிந்துரைத்தார். அலுவலரும் கையெழுத்துப் போட்டார். அடுத்த தணிக்கையில், குறைந்த விலைப்புள்ளியைத் தவிர்த்ததால் நிதி இழப்பு என்று ஆட்சேபணை வந்தது. அந்த வித்தியாசத் தொகையை உங்களிடமிருந்து ஏன் பிடித்தம் செய்யக் கூடாது என்று அவரிடம் விளக்கம் கேட்டார்கள். இரண்டு வருஷம் பதில் எழுதினார். கடைசியில் பணம் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பிரிவில் ஒருவர்கூட எல்-1, அதாவது மிகக் குறைந்த விலைப்புள்ளி, தவிர எதையும் தொடவில்லை.

அந்தப் பையன் வாங்கிய பொருள் சரிதான். கோப்பில்தான் குறை இருந்தது. விலைப்புள்ளி கேட்டு அனுப்பிய கடிதத்தில் மின்செலவையும் கணக்கில் எடுப்போம் என்று ஒரு சொல் இல்லை. உறையைப் பிரித்த பிறகு புதுக் காரணம் சொன்னால் எந்தத் தணிக்கையாளரும் கேள்வி கேட்கத்தான் செய்வார். கேட்பது அவருடைய வேலை.

வகுப்பு எடுக்க வருகிற பலர் இந்த இடத்தில்தான் தடம் மாறிவிடுகிறார்கள். புவி வெப்பமாதல், நிலக்கரி, வருங்காலத் தலைமுறை என்று ஒன்றரை மணி நேரம் படம் போட்டுக் காட்டுகிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் உதவியாளர் அதை ஏற்றுக்கொண்டே, சரி, குறிப்பில் நான் என்ன எழுதுவது என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

பதில் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம், 1998-இன் 10-ஆம் பிரிவைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் குறிப்பிட்ட, அளவிடக்கூடிய காரணிகளின் அடிப்படையில் எது குறைந்தது என்று கண்டறிய வேண்டும் என்கிறது. வாட் அளவிடக்கூடியது. ஒரு வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்பதும் அளவிடக்கூடியது. முன்கூட்டியே ஆவணத்தில் எழுதிவிட்டால் மின்செலவையும் சேர்த்துப் பார்த்துக் குறைந்ததே எல்-1. இந்த ஒரு வாசகத்தைப் படித்ததும் வகுப்பில் பேனாக்கள் திறப்பதை ஒவ்வொரு ஊரிலும் பார்த்திருக்கிறேன். 1990-இல் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சிக்குப் போன காலத்திலேயே இப்படி ஒரு பாடம் இருந்திருந்தால் எத்தனை கோப்புகளை வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு இன்னும் நேரடியாகவே விதி இருக்கிறது. பொது நிதி விதிகள் 2017-இல் விதி 173, அறிவிக்கப்பட்ட மின்சாதனங்களைக் குறிப்பிட்ட நட்சத்திர அளவுக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்கிறது. கூரை மின்விசிறிக்கு 5 நட்சத்திரம். வருஷத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஸ்பிளிட் ஏசிக்கும் 5 நட்சத்திரம். எப்போதாவது திறக்கும் கூட்ட அரங்கு மாதிரி இடத்துக்கு 3 போதும். மாநில, உள்ளாட்சி அலுவலகங்களை இந்த விதி கட்டாது. ஆனாலும் குறிப்பில் முன்னுதாரணமாகக் காட்டலாம். காட்டச் சொல்லுங்கள்.

யாரை அழைப்பது, எப்போது நடத்துவது

கொள்முதல் எழுத்தரை மட்டும் கூப்பிட்டால் வகுப்பு வீண். அவர் திரும்பிப் போய் எழுதும் குறிப்பை அடித்துத் திருத்துகிறவர் கண்காணிப்பாளர். அதனால் எழுத்தர், கண்காணிப்பாளர், கணக்கர், மின்பணி பார்க்கும் தொழில்நுட்ப உதவியாளர் என்று ஓர் அலுவலகத்திலிருந்து சேர்ந்தே வர வேண்டும். முடிந்தால் உள்ளாட்சி நிதித் தணிக்கையிலிருந்து ஒருவரை அழைத்துப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். ஒருமுறை அப்படி வந்த தணிக்கை ஆய்வாளர் மதியம் தானே எழுந்து, ‘கணக்கு கோப்பில் இருந்தால் நான் ஏன் ஆட்சேபணை எழுதப் போகிறேன்?’ என்று கேட்டார். நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவதைவிட அந்த ஒரு வாக்கியத்துக்கு அதிக மதிப்பு இருந்தது.

ஜனவரிக்குப் பிறகு வகுப்பு வைக்காதீர்கள். மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழித்தாக வேண்டும் என்ற ஓட்டத்தில் விவரக்குறிப்பு எழுத யாருக்கும் பொறுமை இருக்காது, போன வருஷக் கோப்பை அப்படியே பார்த்து எழுதுவார்கள். ஜூன், ஜூலை நல்லது. அடுத்த வருஷ வரவுசெலவுத் திட்ட மதிப்பீடு தயாரிப்பதற்கு முன் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் 5 நட்சத்திர மின்விசிறிக்கு ஆகும் கூடுதல் விலையை மதிப்பீட்டிலேயே கேட்டுவிடலாம்.

வருகிறவர்கள் இரண்டு காகிதம் கொண்டு வர வேண்டும். ஒன்று, தங்கள் அலுவலகத்தின் கடைசி மின்கட்டண ரசீது. இன்னொன்று, கடந்த இரண்டு வருஷத்துக்குள் மின்சாதனம் வாங்கிய ஏதாவது ஒரு கோப்பின் நகல். ரசீது கேட்டதுமே ஒரு சங்கதி வெளியே வரும். பாதிப் பேருக்கு அது எந்தப் பிரிவில் இருக்கிறது என்றே தெரியாது. வாங்குகிற மேசை வேறு, மின்கட்டணம் கட்டுகிற மேசை வேறு, கணக்குத் தலைப்பும் வேறு. 500 ரூபாய் மிச்சம் பிடித்து வாங்கிய மின்விசிறி பக்கத்து மேசையில் பல ஆயிரம் ரூபாய்ச் செலவாக மாறுவது வாங்கியவர் கண்ணில் படவே படாது. ரசீதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பயிற்சியின் முதல் பாதி.

காலை: வாட் மீட்டரை அவர்கள் கையில் கொடுங்கள்

செருகி அளக்கும் வாட் மீட்டர் ஆயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும். ஒயர்மேன் அண்ணன் ஒரு இரும்புத் தாங்கி செய்து வைத்திருக்கிறார். அதில் இரண்டு கூரை மின்விசிறிகள். ஒன்று அலுவலகங்களில் இருபது வருஷமாகச் சுற்றும் பழைய ரகம். இன்னொன்று பிஎல்டிசி எனப்படும், பிரஷ் இல்லாத நேர்மின்சார மோட்டார் வைத்த 5 நட்சத்திர ரகம். எண்களை நீங்கள் சொல்லாதீர்கள். பங்கேற்பாளர் ஒருவரை அழைத்து மீட்டரைப் படிக்கச் சொல்லுங்கள். பழையது 75-ஐ ஒட்டிக் காட்டும். புதியது முழு வேகத்தில் 30-ஐ ஒட்டி நிற்கும். காற்று இரண்டிலும் வருகிறது. அரங்கத்தில் இருக்கும் எல்லோரும் அண்ணாந்து தங்கள் தலைக்கு மேல் சுற்றுவதை ஒருதரம் எண்ணிப் பார்ப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். 2023 ஜனவரி 1 முதல் கூரை மின்விசிறிக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். 75 வாட் மின்விசிறி இன்றைக்குப் புதிதாக விற்பனைக்கு வரக் கூடாது. எனவே புதிதாக வாங்கும்போது 75-ஐயும் 30-ஐயும் ஒப்பிடுவது நேர்மையில்லை. 1 நட்சத்திரத்தையும் 5 நட்சத்திரத்தையும் ஒப்பிட வேண்டும்.

அதற்குச் சேவை மதிப்பு என்ற ஒன்றைப் புரியவைக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்பதை வாட்டால் வகுத்தால் கிடைப்பது அது. கட்டாயமானபோது வந்த அட்டவணையில் 1200 மி.மீ. மின்விசிறிக்கு 1 நட்சத்திரம் வாங்க 4 வேண்டும், 5 நட்சத்திரம் வாங்க 6 வேண்டும். காற்று குறைந்தது 210 கன மீட்டர். வகுத்துப் பார்த்தால் 1 நட்சத்திரம் 52 வாட் வரை இழுக்கலாம், 5 நட்சத்திரம் 35-க்குள் நிற்க வேண்டும். பிஎல்டிசி ரகங்கள் 28, 30 வாட்டிலேயே இந்தக் காற்றைத் தந்துவிடுகின்றன. அட்டவணைகள் சில வருஷத்துக்கு ஒருமுறை இறுக்கப்படும். ஆகவே, வாங்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதைப் பி.இ.இ. எனப்படும் எரிசக்தி திறன் பணியகத்தின் தளத்திலோ அதன் ஸ்டார் லேபிள் செயலியிலோ பார்க்கப் பழக்குங்கள்.

முற்பகல்: அந்தக் கலத்தைப் போட வையுங்கள்

வழக்கமான ஒப்பீட்டுப் பட்டியலில் நிறுவனம், விலை, வரி, மொத்தம் என்று கலங்கள் இருக்கும். மொத்தத்துக்குப் பக்கத்தில் மின்செலவு என்று ஒன்றும், இரண்டையும் கூட்டி வரும் மதிப்பிட்ட விலை என்று ஒன்றும் சேர்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் நான் போடும் கணக்கு இது. விலைகளும் கட்டணமும் எடுத்துக்காட்டுக்கு நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையையும், உங்கள் ரசீதில் இருக்கும் யூனிட் கட்டணத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மின்விசிறி 1,600 ரூபாய், 52 வாட். இரண்டாவது 2,700 ரூபாய், 30 வாட். அலுவலகம் நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள், ஆக 2,000 மணி. யூனிட் 8 ரூபாய். காலம் 7 வருஷம். முதலாவது 7 வருஷத்தில் 728 யூனிட் இழுக்கும், 5,824 ரூபாய். விலையோடு சேர்த்து 7,424. இரண்டாவது 420 யூனிட், 3,360 ரூபாய். விலையோடு சேர்த்து 6,060. மதிப்பிட்ட விலையில் எல்-1 யார் என்று கேளுங்கள். அவர்களே சொல்லட்டும்.

மின்விசிறி பத்துப் பதினைந்து வருஷம்கூட ஓடுமே, ஏன் 7 என்று எப்போதும் ஒருவர் கேட்பார். காலத்தைக் குறைத்தே வைப்பது என் பழக்கம். இந்தக் கணக்கில் கூடுதலாகக் கொடுத்த 1,100 ரூபாய் வருஷத்துக்கு 352 ரூபாய் வீதம் மூன்று வருஷத்துக்குச் சற்று மேலான காலத்தில் திரும்பிவிடுகிறது. 5 வருஷம் என்று வைத்தாலும் இரண்டாவதுதான் ஜெயிக்கும். குறைந்த காலத்தில் ஜெயிக்கிற கணக்கை யாரும் உடைக்க முடியாது. பதினைந்து வருஷம் போட்டால்தான் ஜெயிக்கும் என்கிற பொருளை வாங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

மின்விசிறிதான் பாடத்துக்கு லேசு. ஏசிக்கு வரும்போது நட்சத்திரத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். 2018 அட்டவணையில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற திறன் எண் 4.5 இருந்தாலே ஸ்பிளிட் ஏசிக்கு 5 நட்சத்திரம். 2022 ஜூலையில் அட்டவணை மாறியபோது 5 நட்சத்திரத்துக்கு 5.0 தேவைப்பட்டது. பழைய 4.5 ஒரே நாளில் 4 நட்சத்திரமாகிவிட்டது. கிடங்கில் தேங்கிய பழைய சரக்கைப் பழைய குறியீட்டோடு தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் விவரக்குறிப்பில் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையே எழுத வேண்டும், குறியீட்டில் அச்சிட்டிருக்கும் செல்லுபடிக் காலத்தையும் கேட்க வேண்டும்.

ஏசி குறியீட்டில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும் எண் 1,600 மணி நேரத்துக்கானது. இது தெரியாமல் பல பேர் அதையே தங்கள் செலவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றரை டன் ஏசி ஒன்றில் 5 நட்சத்திரம் 750 யூனிட், 3 நட்சத்திரம் 1,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 1,600 மணி நேரம் ஓடும் மருத்துவர் அறைக்கு வருஷத்துக்கு 250 யூனிட், 2,000 ரூபாய் மிச்சம். அதே ஏசியை மாதம் இரண்டு கூட்டம் நடக்கும் மன்றக் கூடத்தில் மாட்டினால் 200 மணிகூட ஓடாது. மிச்சம் 31 யூனிட், 250 ரூபாய். விலை வித்தியாசம் எட்டாயிரம் என்றால் முப்பது வருஷம் ஆகும். அங்கே 3 நட்சத்திரம் வாங்குவதே பொதுப்பணத்துக்கு நல்லது. இதை வகுப்பில் நானே சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் விலை கூடியதை வாங்கச் சொல்ல வந்தவள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் சொல்வதை நம்புகிறார்கள்.

விவரக்குறிப்பு எழுதப் பழக்குவது

வாங்குவதற்கு இரண்டு வழி உண்டு. இத்தனை நட்சத்திரத்துக்குக் குறையக் கூடாது என்று தகுதி வரம்பு வைத்து, அதற்குள் வழக்கம்போல விலை குறைந்ததை எடுப்பது ஒன்று. மதிப்பிட்ட விலையால் ஒப்பிடுவது இன்னொன்று. பத்து மின்விசிறி, இருபது விளக்கு என்று சின்னக் கொள்முதலுக்கு முதல் வழி போதும். வரம்பை ஏன் வைத்தோம் என்ற கணக்கும், அந்த வரம்புக்குள் பல நிறுவனங்களின் மாதிரிகள் கிடைக்கின்றன என்பதற்குச் செயலியிலிருந்து எடுத்த பட்டியலும் கோப்பில் இருக்கட்டும். அரசு அலுவலகங்களுக்கான இணையச் சந்தையான ஜெம் தளத்தில் வாங்கும் அலுவலகங்களும் இந்த வழியில் போகலாம். ஏசி நிறைய, மோட்டார், தெருவிளக்கு என்று தொகை பெரிதானால் இரண்டாவது வழி. அதற்குச் சூத்திரம், மணி நேரம், வருஷம், யூனிட் கட்டணம் நான்கும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் கொண்டுவந்த பழைய கோப்பின் விவரக்குறிப்பைத் திருப்பி எழுத வேண்டும். பெரும்பாலும் அதில் ‘நல்ல தரமான மின்விசிறி, 48 அங்குலம்’ என்றுதான் இருக்கும். சில கோப்பில் நிறுவனத்தின் பெயரே இருக்கும், அது அதைவிட ஆபத்து. திருத்திய பிறகு இப்படி வர வேண்டும்:

‘1200 மி.மீ. கூரை மின்விசிறி. ஐஎஸ் 374 தரத்துக்கு உட்பட்டது. காற்றளவு நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையாதது. வழங்கும் நாளில் நடைமுறையிலுள்ள பி.இ.இ. அட்டவணைப்படி 5 நட்சத்திரம். முழு வேகத்தில் மின்நுகர்வு 32 வாட்டுக்கு மிகாதது. வேகத்தைச் சுவர் ரெகுலேட்டரால் மாற்றும் வகை. மோட்டாருக்கும் மின்னணுப் பலகைக்கும் மூன்று ஆண்டு உத்தரவாதம். ஆய்வக அறிக்கை இணைக்கப்பட வேண்டும்.’

சுவர் ரெகுலேட்டர் பற்றிய வரி அனுபவத்தில் வந்தது. பிஎல்டிசி மின்விசிறிகள் பலவும் ரிமோட்டோடு வருகின்றன. வீட்டுக்குச் சரி. நாற்பது மின்விசிறி மாட்டிய அலுவலகத்தில் ஆறு மாதத்தில் பாதி ரிமோட்டுகள் காணாமல் போயின, மீதி யாருடையது எதற்கு என்று தெரியவில்லை. மின்விசிறி நன்றாக ஓடியும் ‘இந்தப் புது ரகமே வேண்டாம்’ என்று பெயர் கெட்டது. பழைய ரெகுலேட்டரோடு சில மாதிரிகள் ஒத்துப்போகாது என்பதையும் ஒயர்மேன் அண்ணன் அங்கேயே காட்டுவார். பொருளைப் பயன்படுத்துகிறவர் கையில் என்ன நடக்கும் என்று யோசித்து எழுதுவதும் விவரக்குறிப்பில் சேர்ந்ததுதான்.

குழல்விளக்குக்கு வாட்டைக் குறைத்துக் கேட்டால் மட்டும் போதாது. இருட்டான விளக்கும் குறைந்த வாட்தான். எத்தனை லூமன் வெளிச்சம், ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன், இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்பதைக் காட்டும் மின்திறன் காரணி 0.9-க்குக் குறையாதது, பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் என்று கேட்க வேண்டும். சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும் பழைய குழல்விளக்கு இருந்த இடத்தில் 20 வாட் எல்இடி பேட்டன் விளக்கு பெரும்பாலும் போதும்.

எல்இடி பற்றிப் பேசும்போது உஜாலா திட்டத்தைச் சொல்லாமல் விடாதீர்கள். மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் நாடு முழுவதும் உள்ள தேவையை ஒன்றாகத் திரட்டி மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, 2014-இல் 310 ரூபாயாக இருந்த எல்இடி பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. பக்கத்துப் பக்கத்துப் பேரூராட்சிகள் மூன்று தனித்தனியாகப் பத்துப் பத்து மின்விசிறி வாங்குவதைவிட, சேர்ந்து கேட்க முடியுமா என்று உயர் அலுவலரிடம் கேட்டுப் பார்க்கலாம். வகுப்பிலேயே அந்த மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மோட்டாருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

உள்ளாட்சியில் மின்கட்டணத்தின் பெரும்பங்கு குடிநீர் மோட்டாரிலும் தெருவிளக்கிலும் போகிறது, அலுவலக மின்விசிறியில் இல்லை. ரசீதுகளை மேசையில் பரப்பினாலே அது தெரிந்துவிடும். ஆனால் மோட்டார் வாங்கும் கோப்பைப் பார்த்தால், ‘10 எச்.பி. மோட்டார் ஒன்று’ என்பதற்கு மேல் எதுவும் இருக்காது.

தரைக்கு மேல் நிற்கும் மூன்று பேஸ் மோட்டாருக்கு ஐஎஸ் 12615 தரத்தில் ஐஇ2, ஐஇ3 என்று திறன் வகுப்புகள் உண்டு. 10 எச்.பி. என்பது 7.5 கிலோவாட். நான்கு துருவ மோட்டாரில் ஐஇ2-க்குத் திறன் 88.7 சதவீதம், ஐஇ3-க்கு 90.4. இரண்டு சதவீதம்கூட இல்லையே என்று அலட்சியமாகத் தோன்றும். நாளைக்குப் பத்து மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் வருஷத்துக்கு 580 யூனிட் வித்தியாசம், நம் எடுத்துக்காட்டுக் கட்டணத்தில் 4,600 ரூபாய்க்கு மேல். வருஷா வருஷம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் தவறான அளவில் நடக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி பம்ப்செட்டுக்கு ஐஎஸ் 8034 என்று தனித் தரம் இருக்கிறது. அதில் முக்கியம் எத்தனை மீட்டர் உயரத்துக்கு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதுதான். போன மோட்டார் பத்து, இதுவும் பத்து என்று வாங்கினால், தண்ணீர் மட்டம் மாறிய கிணற்றில் புது மோட்டாரும் திறன் குறைந்த இடத்திலேயே காலம் தள்ளும். நீர்மட்டம், மேல்நிலைத் தொட்டியின் உயரம், குழாயின் நீளம், விட்டம் நான்கையும் அளந்து எழுதிய ஒரு தாள் இல்லாமல் மோட்டார் விலைப்புள்ளி கேட்கவே கூடாது என்று வகுப்பில் கண்டிப்பாகச் சொல்கிறேன். அளக்கத் தெரியாது என்பார்கள். தொழில்நுட்ப உதவியாளரைச் சேர்த்து அழைத்தது இதற்குத்தான். பம்ப் ஆபரேட்டரைக் கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

சரக்கு வந்து இறங்கும் நாள்

கோப்பு எழுதுவதோடு பயிற்சியை முடித்துவிடுகிற வழக்கம் இருக்கிறது. ஆனால் ஏமாற்று நடப்பது இருப்புப் பதிவேட்டில் ஏற்றும் நாளில். ஒப்புக்கொண்ட மாதிரி எண் ஒன்று, வந்து இறங்கியது இன்னொன்று, பெட்டியில் நட்சத்திரம் மட்டும் அதேபோல. மதிய வகுப்பின் கடைசியில் ஒரு நாடகம் போடுகிறோம். ஒயர்மேன் அண்ணன் சரக்கு கொண்டுவந்தவர், பங்கேற்பாளர் பொருளைப் பெறுகிறவர். பெட்டி மீதுள்ள எண்ணையும் சாதனத்தின் மீதுள்ள எண்ணையும் கொள்முதல் ஆணையோடு ஒப்பிட வேண்டும். ஏசி என்றால் உள் அலகு, வெளி அலகு இரண்டிலும். குறியீட்டின் செல்லுபடிக் காலத்தைப் படிக்க வேண்டும், செயலியில் மாதிரியைத் தேட வேண்டும். மின்விசிறி, விளக்கு என்றால் பத்தில் ஒன்றை வாட் மீட்டரில் ஓட்டிப் பார்த்து, எண்ணைக் கைப்பட எழுதித் தேதியோடு கையெழுத்திட வேண்டும். காற்றளவை அலுவலகத்தில் அளக்க முடியாது, அதற்குத்தான் ஆய்வக அறிக்கை கேட்டோம். இந்தச் சோதனையை விவரக்குறிப்பிலேயே நிபந்தனையாகச் சேர்த்துவிட்டால், திருப்பி அனுப்பும்போது வாக்குவாதம் வராது.

பழைய மின்விசிறிகளை என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். ஓடிக்கொண்டிருக்கும் 75 வாட் மின்விசிறியைக் கழற்றி 30 வாட் மாட்டினால் வருஷத்துக்கு 90 யூனிட், 720 ரூபாய் மிச்சம். 2,700 ரூபாய் நான்கு வருஷத்துக்குள் திரும்பும். நாள் முழுக்க ஓடும் இடங்களிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். கழற்றியதைக் கழிவு செய்து பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும். பக்கத்து அறைக்கோ அங்கன்வாடிக்கோ தூக்கிக் கொடுத்தால் செலவு இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

வகுப்பு முடியும்போது ஒவ்வொரு அலுவலகமும் அடுத்து வாங்கப் போகும் ஒரு பொருளின் பெயரையும் மாதத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த மாதத்துக்கு இரண்டு வாரம் முன் நான் கூப்பிடுவேன், வரைவைப் படித்துக் காட்டச் சொல்வேன். வாங்கி முடிந்ததும் ஒப்பீட்டுப் பட்டியலின் நகல் வேண்டும். சிலர் அனுப்புவதில்லை, மறுபடி கூப்பிடுகிறேன். போன மாதம் ஒரு பேரூராட்சியிலிருந்து வந்த பட்டியலில் ஆறாவது கலம் பேனாவால் கோடு போட்டுக் கூட்டப்பட்டிருந்தது. மணி நேரத்தை 2,000 என்று போடாமல், நூலகத்துக்கு 2,900, மன்றக் கூடத்துக்கு 180 என்று அறை அறையாகப் பிரித்திருந்தார் அதைத் தயாரித்த பெண். நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது அந்தத் தாளையே நகல் எடுத்து அடுத்த வகுப்புகளுக்குக் கொண்டுபோகிறேன்.